வேலையை ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. அதன் கணக்குப்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் படிக்காத பிள்ளை கிடைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும். படித்த பிள்ளை படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அப்படிக் காத்திருக்கும் மாதங்களில் என்ன நடக்கிறது? காத்திருந்து கிடைத்த வேலையையும் சிலர் ஏன் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள்? இதைச் சதவீதங்கள் சொல்வதில்லை. சம்பந்தப்பட்ட பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்டால் உண்மை வெளியே வரும் என்பதற்கு உளவியல் சில நல்ல விடைகளைக் கண்டுபிடித்திருக்கிறது.

அந்த விடைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்த முறைகளில் ஒன்றுதான் ‘ஒத்துணர்வு நேர்காணல்’. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் போன்ற வடிவமைப்புப் பள்ளிகள் இதைப் பரவலாக்கின. ஒரு பொருளையோ திட்டத்தையோ உருவாக்கும் முன், அதைப் பயன்படுத்தப்போகிறவரின் அன்றாடத்தை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘ஆம், இல்லை’ என்று டிக் அடிக்கும் படிவம் கிடையாது. கேட்பவர் குறைவாகப் பேசுவார், சொல்பவர் நடந்ததைச் சொல்வார்.

விமானிகள் காட்டிய வழி

இந்த முறையின் வேர்களில் ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இருக்கிறது. அமெரிக்க ராணுவ விமானப் படையில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் ஃபிளானகனின் குழு, பறக்கும்போது விமானிகளுக்குத் தலைசுற்றலும் திசைக்குழப்பமும் ஏன் வருகின்றன என்று ஆராய்ந்தது. ‘திசைக்குழப்பத்துக்குக் காரணம் என்ன?’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘உங்களுக்கே அப்படி நேர்ந்த ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள், என்ன உணர்ந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களைக் கொண்டு விமானி அறையையும் கருவிப் பலகையையும் எப்படி மாற்றலாம் என்று பரிந்துரைகள் எழுந்தன. 1954-ல் ஃபிளானகன் இதை ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார்.

காரணம் கேட்டால் ஏன் தவறுகிறது?

‘ஏன்?’ என்று கேட்டால் மனித மனம் உடனே ஒரு பதிலைத் தயாரித்துக் கொடுத்துவிடும். அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1977-ல் ரிச்சர்டு நிஸ்பெட், டிமோத்தி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது துணியின் தரத்தைப் பற்றிப் பேசினார்களே தவிர, அது இருந்த இடத்தை ஒருவரும் தாமாகக் குறிப்பிடவில்லை.

நினைவும் இரண்டு வகைப்படும் என்று 1972-ல் எண்டெல் டல்விங் பிரித்துக் காட்டினார். உலகத்தைப் பற்றிய பொது அறிவு ஒன்று. இன்ன நாளில் இன்ன இடத்தில் எனக்கு இது நடந்தது என்ற நிகழ்வு நினைவு மற்றொன்று. ‘வேலையை ஏன் விட்டாய்?’ என்ற கேள்வி முதல் வகையைத் தட்டுகிறது. ‘சம்பளம் பத்தலை’, ‘செட் ஆகலை’ என்று ஊரே சொல்லும் பதில் வருகிறது. ‘கடைசியாக வேலைக்குப் போன நாளைச் சொல்’ என்பது இரண்டாம் வகையைத் திறக்கிறது.

ஓர் உதாரணம்

ஐடிஐ-யில் ஃபிட்டர் படிப்பை முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, இரண்டாம் மாதமே செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பிவிட்ட ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். அதே ஐடிஐ-யில் முன்பு படித்த ஒருவர் அவனிடம் பேசுகிறார்.

“கடைசியா வேலைக்குப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு தம்பி? எந்திரிச்சதுலேர்ந்து சொல்லு.”

“நைட் ஷிப்ட்ணே. பகல்ல தூங்கவே இல்ல. ரூம்ல ஆறு பேரு. பாதிப் பேரு நைட்டு, பாதிப் பேரு பகலு. ஒருத்தன் வருவான், ஒருத்தன் போவான்.”

“சரி, அப்புறம்?”

“மைக்ரோமீட்டர் ரீடிங்ல ஒரு சந்தேகம். லைன் லீடருக்குத் தமிழ் வராது. மறுபடி கேட்டா திட்டுவாருன்னு நானே போட்டுட்டேன். மொத்தமா ரிஜெக்ட் ஆயிடுச்சு.”

“அன்னைக்கே கிளம்பிட்டியா?”

“இல்லண்ணே. காலைல அம்மாவுக்குப் போன் பண்ணேன். மெஸ்ஸுக்குக் குடுக்கக் காசு இல்ல, சம்பளம் வர இன்னும் பத்து நாள். மறுபடி வீட்டுல எப்படிக் கேக்கறது? பஸ் ஏறிட்டேன்.”

படிவத்தில் இவன் ‘சம்பளம் குறைவு’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பான். பேச்சில் வந்தவை நான்கு தனித்தனிச் சிக்கல்கள்: தூங்க இடமில்லாத அறை, சந்தேகம் கேட்க ஆளில்லாத பணியிடம், அளவு எடுப்பதில் போதாத பயிற்சி, முதல் சம்பளம் வரும்வரை கையில் இல்லாத பணம். இவற்றில் ஐடிஐ வகுப்பறையில் தீரக்கூடியது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றையும் விடுதி, வழிகாட்டும் மூத்த தொழிலாளி, முன்பணம் என்று வெளியேதான் சரிசெய்ய வேண்டும்.

மௌனமும் ஒரு கருவி

கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் பல மடங்கு நீண்டன. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள். நேர்காணலிலும் இதே நிலைதான். பையன் நிறுத்தியதும் அறிவுரை சொல்லப் பாயாமல், சற்றுப் பொறுத்து ‘அப்புறம்?’ என்றால் போதும். முக்கியமான விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். வேலைக்குச் சேர்த்துவிட்ட அலுவலரே எதிரில் உட்கார்ந்தால், அவர் மனம் நோகாத பதில்தான் வரும். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் உள்ள பயத்தை ஒரு பெண், அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு சொல்லமாட்டாள். சொல்பவரின் அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது. சொன்னவர் பெயர் நிறுவனத்துக்குப் போகக் கூடாது.

எத்தனை பேரிடம்?

கிரெக் கெஸ்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, நைஜீரியா நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசி 2006-ல் வெளியிட்டார்கள். புதிய கருத்துகளில் பெரும்பாலானவை முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டன. ஓரளவு ஒரே சூழலில் உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஃபிட்டர் படித்த பையனும் பி.காம். முடித்த பெண்ணும் வேறு வேறு குழுக்கள். தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. என்னென்ன சிக்கல்கள் இருக்கின்றன என்பதை 12 பேர் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று அவர்களை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பெரிய கணக்கெடுப்பு வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் எந்தக் கேள்விகளைச் சேர்ப்பது என்பதை நேர்காணல் காட்டிக்கொடுக்கும்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தருகிறது. பணிபுரியும் பெண்களுக்குத் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் யாரை எட்டுகின்றன, யாரை எட்டவில்லை என்பதை வேலையை விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள்தான் துல்லியமாகச் சொல்வார்கள். வேலையில் நிலைத்தவர்களை மேடையேற்றிப் பேசவைக்கிறோம். திரும்பி வந்தவர்களைத் தேடிப் போவதில்லை.

கல்லூரி, ஐடிஐ முதல்வர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக்கான பயிற்சியைத் திட்டமிடும் முன், சென்ற ஆண்டு வேலையை விட்டு வந்தவர்களில் 12 பேரைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் சொன்னதால் எது மாறியது என்பதை அவர்களிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.