வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா?

தாமிர சபையில் கூத்தன் ஆடும் ஊர் என்பதால் திருநெல்வேலிக்கு ஆட்டம் புதிதல்ல. கோயில் கொடைகளில் கணியான் கூத்தும் கரகமும் பார்த்து வளர்ந்த குடும்பங்கள் இன்று பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் பிள்ளைகளை நடன வகுப்புகளுக்கு அனுப்புகின்றன. சேர்க்கப் போகும்போது பெற்றோர் வழக்கமாகக் கேட்பவை மூன்று: மாதக் கட்டணம் எவ்வளவு, எப்போது மேடை ஏறலாம், சான்றிதழ் உண்டா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வகுப்பு நடக்கும்போது நாங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா? இதற்கு வரும் பதிலை வைத்தே பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

அந்த அறைக்குள் நடப்பதைக் கவனிக்கப் பெற்றோரை விட்டால் வேறு ஆள் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் அங்கீகாரம், ஆய்வு என்று ஏதோ ஒன்று உண்டு. தனியார் நடன வகுப்புக்கு அது இல்லை. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டபோது, ‘பயிற்சி’ என்பதன் வரையறையிலேயே விளையாட்டு, நடனம், நாடகம் ஆகியவற்றை விலக்கிவிட்டது. அரசின் மேற்பார்வை உள்ள இடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் மூன்றாண்டுப் படிப்பு. தனியாரிடம் போகிறவர்கள் அந்தக் கண்காணிப்பைத் தாங்களே செய்தாக வேண்டும்.

பேர் பெற்ற இடம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் சென்னையின் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய அந்த நிறுவனத்தை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று நாடாளுமன்றச் சட்டமே சொல்கிறது. 2023 மார்ச் இறுதியில் அதன் மாணவிகள் பாலியல் தொல்லை குறித்து வளாகத்திலேயே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாநில மகளிர் ஆணையம் விசாரிக்க வந்தது, ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு அமைந்தது. வழக்கின் முடிவைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே மாணவிகள் தங்கள் குறையைக் கேட்க வைப்பதற்குப் போராட்டம் வரை போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

குருவைச் சந்தேகப்பட்டால் கலை வராது என்று, வகுப்பைப் பார்க்கக் கேட்பதற்கு மறுப்பு சொல்வார்கள். மரியாதை வேறு, மறைவு வேறு. நல்ல ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதில் அம்மா அப்பா பார்க்கக் கூடாதது எதுவும் இருக்காது. பெற்றோர் இருந்தால் பிள்ளையின் கவனம் சிதறும் என்பது உண்மையான சிக்கல்தான். அதற்காகத் தினமும் போய் உட்கார வேண்டியதில்லை. திறந்த ஜன்னலும், சொல்லாமல் எப்போது வந்தாலும் முகம் சுளிக்காத வழக்கமும் இருந்தால் போதும். அரைமண்டியைத் தொடாமல் திருத்த முடியுமா என்றும் கேட்பார்கள். பல நேரம் முடியும், செய்துகாட்டியும் சொல்லியும் திருத்தலாம். தொட்டே ஆக வேண்டிய இடத்தில் “முழங்காலைத் திருப்பப் போகிறேன்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத் தொடலாம். இப்படிச் செய்யும் ஆசிரியரைக் கண்டால் மனம் நிம்மதியாகிவிடும்.

தவறு நடந்துவிட்டால் சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. 18 வயது நிரம்பாத யாருக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. “வெளியே தெரிந்தால் வகுப்பின் பெயர் கெடும், நமக்குள் பேசி முடிப்போம்” என்று வருபவருக்கு இதைச் சொன்னால் போதும். நம் ஊரில் பலரைத் தடுப்பது பிள்ளையின் பேர் அடிபடுமே என்ற பயம். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகம் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைக் கூடுமானவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். முதலில் அழைக்க வேண்டியது குழந்தைகள் உதவி எண் 1098. கற்றுக்கொள்ளப் போகும் பெரிய பெண்களுக்கு பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்.

வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் தரையையும் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய கிரானைட்டில் ஒரு மணி நேரம் தட்டடவு போட்டால் அதன் அதிர்வு முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும்தான் போகும். எலும்பு வளரும் வயதில் இது சின்ன விஷயமல்ல. மரத்தளம் எல்லாராலும் போட முடியாது. உடம்பைப் பதப்படுத்திவிட்டு ஆரம்பிப்பதும், வலிக்கிறது என்ற பிள்ளையை உட்கார வைப்பதும் எந்த வகுப்பாலும் முடியும்.

பணம் பற்றிய பேச்சு சேரும் நாளிலேயே முடிந்துவிட வேண்டும். சலங்கை பூஜை, ஆண்டு விழா, ‘உலக சாதனை’ என்று பெயர் சூட்டிய கூட்டு நடனம் ஒவ்வொன்றுக்கும் உடை, ஒப்பனை என்று தனித்தனியாகக் கேட்கிற இடங்கள் உண்டு. அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், நகை என்று செலவு லட்சங்களுக்குப் போகலாம். கட்டாயம் எது, விருப்பம் எது, நடுவில் நின்றால் முன்பணம் திரும்புமா என்பதை எழுதி வாங்கி, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பயிற்சி மையங்கள் அந்த விலக்குக்குள் அடங்கா என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பார்க்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், கையில் அந்த ரசீது இருந்தால்.