பூனைக்கு விளையாட்டு ஏன் சீக்கிரம் சலிக்கிறது?

நூலில் கட்டிய காகித உருண்டையைத் துரத்திய பூனை, சில நிமிடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, ஏன்? பெரும்பாலும் களைப்பால் அல்ல. பூனையின் விளையாட்டு வேட்டைதான். எலியென்றால் கடிக்கக் கடிக்கச் சிதையும். பொம்மையோ அப்படியே கிடக்கிறது. மாறாத பொருளில் ஆர்வம் வடிந்துவிடுகிறது, வேட்டை வேகம் வடிவதில்லை. பிரிட்டனில் ஜான் பிராட்ஷாவும் சாரா ஹாலும் செய்து 2002இல் வெளியான ஆய்வில், சலித்த கையோடு வேறு பொம்மை கொடுத்தபோது பூனைகள் முன்னைவிட ஆவேசமாக விளையாடின.

ஆகவே பொம்மையை மாற்றுங்கள். முகத்தருகே ஆட்டாமல், தப்பியோடும் இரைபோல விலக்கி இழுங்கள். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மறையட்டும். லேசர் ஒளி மட்டும் போதாது, பிடிக்க அதில் ஏதுமில்லை. ஆட்டம் முடிந்ததும் நூலை மறக்காமல் எடுத்து வையுங்கள். பூனை விழுங்கினால் குடலையே கிழித்துவிடக்கூடும்.