வலி ஓரிடம், வியாதி வேறிடம்

இங்கிலாந்தை முதலாம் சார்லஸ் ஆண்ட காலத்தில், சிறுபிராயத்தில் கீழே விழுந்து விலா எலும்புகள் முறிந்து, சீழ் வைத்து, ஆறிய பின்னும் இடது மார்பில் ஒரு துவாரம் மூடாமலே நின்றுவிட்ட பிரபு குலத்து இளைஞன் ஒருவனை, இரத்த ஓட்டத்தை நிரூபித்த வில்லியம் ஹார்வி அரசர் முன்னிலைக்கு அழைத்துச் சென்றார். அத்துவாரத்தின் வழியே விரலை விட்டுத் துடிக்கும் ஹிருதயத்தைத் தொட்டபோது, மேல் தோலில் விரல் பட்டாலோ கண்ணால் கண்டாலோ அன்றி, அவ்விளைஞன் அதை அறியவேயில்லை என்று 1651-இல் வெளியான தம் நூலில் ஹார்வி எழுதியிருக்கிறார்.

விரல் நுனியில் முள் தைத்தால் துள்ளுகிற சரீரத்தில், ஜீவாதாரமான ஹிருதயத்துக்கு ஸ்பரிச உணர்ச்சி இல்லாதது விசித்திரமே. ஆனால் முள்ளும் நெருப்பும் தோலுக்கு நேரும் ஆபத்துகள். குடலை வெட்டினாலும் சுட்டாலும் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே குடல் அடைபட்டு உப்பினாலோ, இரத்தம் கிடையாமல் தவித்தாலோ, அழற்சி கண்டாலோ, வேதனை தாங்க முடிவதில்லை.

அவ்வேதனையின் இருப்பிடத்தை நிர்ணயிப்பதில்தான் மூளை தடுமாறுகிறது. தண்டுவடத்தை அடையும் உணர்ச்சி நரம்பிழைகளில் உள்ளுறுப்புகளுக்கு உரியவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவையும் மேலும் கீழுமாகச் சிதறிப் பரவி, தோலிலிருந்து வரும் இழைகள் சேரும் அதே நரம்பணுக்களில் போய்ச் சேர்கின்றன. அவ்வணு மேலே அனுப்பும் முறையீடு ஹிருதயத்தினுடையதா, இடது கையினுடையதா என்று பிரித்தறிய வகையில்லாத மூளை, ஆயுள் முழுதும் அவ்வழியே கையின் செய்தி வந்த பழக்கத்தை முன்னிட்டு, கைதான் வலிக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. எந்த உறுப்பின் வியாதிக்குத் தோலில் எந்த இடம் நோகும் என்பதை லண்டன் வைத்தியர் ஹென்றி ஹெட் 1893-லேயே ஆராய்ந்து எழுதினார்.

இதில் மிகவும் ரசமானது உதரவிதானத்தின் கதை. கருவில் கழுத்தருகே தோன்றி, தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு மார்பின் அடிவரை இறங்கிவரும் தசை அது. ஆகவே மண்ணீரல் கிழிந்து இரத்தம் அதன் அடியில் தேங்கினால், வயிற்றில் அடிபட்டவர் தோள் வலிப்பதாகச் சொல்லுவார். குடல்வால் அழற்சியும் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலித்து, அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே வலது அடிவயிற்றில் கூர்மையாக நிலைகொள்ளுகிறது.

இடம் சொல்லத் தெரியாத இச்செய்தி, உணர்ச்சிக் கலக்கத்தோடு சம்பந்தப்பட்ட இன்சுலா, சிங்குலேட் முதலிய மூளைப் பகுதிகளையும் எழுப்புகிறது. வியர்வையும் குமட்டலும் காரணமற்ற கிலியும் கூடவே வருகின்றன.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேல்வயிற்றிலோ தாடையிலோ இடது கையிலோ இனம் புரியாத வலி எழுந்து உடம்பு வியர்த்தால், வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.