ஊரும் எண்ணும் – 17: மாநகராட்சியில் ஒரு தாசில்தார்

காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சியான கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் வீட்டுவரி என்று சொல்லியிருந்தேன். அதற்காக மாவட்ட நிர்வாகப் பட்டியலைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. அதை எழுதாமல் வரிக்குப் போக மனம் வரவில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் மக்கள்தொகையில் முதலிடம் காரைக்குடிக்கு. 2011 கணக்கெடுப்பில், பழைய நகராட்சி எல்லைக்குள் மட்டும் 1,06,714 பேர். மாவட்டத் தலைநகரான சிவகங்கையில் 40,403 பேர், அது நகராட்சி. கலெக்டரைப் பார்க்க மாநகராட்சிக்காரர் அங்கேதான் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கோட்டாட்சியர் அலுவலகமும் காரைக்குடியில் இல்லை! காரைக்குடி தாலுகா, தேவகோட்டைக் கோட்டத்தில் அடங்குகிறது. தேவகோட்டையின் மக்கள்தொகை காரைக்குடியில் ஏறக்குறைய பாதி. மேயரும் கமிஷனரும் உட்கார்ந்திருக்கும் ஊரில், வருவாய்த் துறைக்குத் தாசில்தார்தான் பெரிய அதிகாரி.

இதனால் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். தாசில்தார் போட்ட பட்டா உத்தரவு பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். பிள்ளைகள் சோறு போடவில்லை என்று பெற்றோர் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுக் கொடுப்பதும் அவரிடம்தான். செக்காலையில் இருக்கும் ஒரு மூதாட்டி, மகன் கைவிட்டான் என்று முறையிட, விசாரணைக்கு விசாரணை தேவகோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும்.

உள்ளாட்சி ஒரு ஏணி, வருவாய் நிர்வாகம் இன்னொரு ஏணி. முதல் ஏணியில் ஏற்றுவது தலைக்கணக்கும் வருமானமும். அரசியல் சட்டத்தின் 243-க்யூ பிரிவு மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத வேலை, பொருளாதார முக்கியத்துவம் இவற்றைப் பார்க்கச் சொல்கிறது. இத்தனை பேர் என்று எண் எதையும் குறிக்கவில்லை. இரண்டாவது ஏணி வரலாற்றில் ஊன்றியது. சிவகங்கை, 1730 முதல் சீமையின் அரண்மனை ஊர். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து மாவட்டத்தைப் பிரித்தபோது தலைநகரம் அங்கே அமைந்தது. ஓசூர் மாநகராட்சி, கலெக்டர் கிருஷ்ணகிரியில். சிவகாசி மாநகராட்சி, கலெக்டர் விருதுநகரில். அவையும் இதே ரகம்தான்.

அரண்மனை இல்லாத காரைக்குடி எதனால் வளர்ந்தது? வியாபாரம், ரயில் சந்திப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வி. 1947-ல் அழகப்பச் செட்டியார் அங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் காலமானபோது வயது 47. இந்த வள்ளல் பிறந்தது காரைக்குடியில் அல்ல, பக்கத்துக் கோட்டையூரில். அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா, ஒரு லட்சம் அளவுக்குப் புத்தகமும் இதழும் நோட்டீசுமாகச் சேர்த்துவைத்தார். இன்று சென்னையில் ஆய்வாளர்கள் தேடிப் போகும் நூலகம் அதுதான். தனிப் பேரூராட்சியாக இருந்த கோட்டையூர் இப்போது மாநகராட்சிக்குள். எனக்கு இதில் நிறைந்த சந்தோஷம்.

சேர்ந்த கிராமங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்காது. ஊராட்சி நகர்ப்புறமானால் கிராமத்துக்கான வேலைத் திட்டம் நின்றுபோகிறது. வரி ஏறும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 அதன் குறிப்பு நாள் ஆகியிருக்கிறது. விரிந்த காரைக்குடியின் தலைக்கணக்கு அதில்தான் முதன்முதலாகத் தெரியும். ஆனால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்த எண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் எண்ணே போதும். காரைக்குடியைத் தனிக் கோட்டமாக்க வேண்டும்.

கோட்டையூர், கண்டனூர், அரியக்குடி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இணைப்புக்கு முன்னும் பின்னும் நீங்கள் கட்டிய வீட்டுவரித் தொகையை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரக் கட்டுரை அதை வைத்துத்தான்.