ஒரு சோறு பதமாகுமா?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கின்னிக் விளையாட்டரங்கில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அன்று வந்திருந்தவர்கள் 55,646 பேர். அந்த அரங்கு அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டப்பட்டது. ஆனால் அன்று திறந்த வானத்தின் கீழ் மரப் பலகைத் தளம் விரித்து, கூடைகளை நிறுத்தி, பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். அது போட்டி ஆட்டம்கூட அன்று; ஆட்டப் பருவம் தொடங்குமுன் நடக்கும் வெள்ளோட்டம். அதைப் பார்க்கவா இத்தனை பேர்?

அவர்களில் பெரும்பாலோர் ஒருவரைப் பார்க்க வந்தவர்கள். அவர் பெயர் கெய்ட்லின் கிளார்க். அயோவா பல்கலைக்கழக அணியின் ‘பாயின்ட் கார்டு’. ஐவர் ஆடும் அணியில் பந்தை முன்னே கொண்டு செல்பவர், யாருக்கு எப்போது அதைத் தருவது என்று முடிவு செய்பவர் அவரே. படகுக்குச் சுக்கான் எப்படியோ, அணிக்குப் பாயின்ட் கார்டு அப்படி.

முந்தைய பருவத்தில் அவர் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய அணி தன் வரலாற்றில் முதன்முறையாக இறுதி ஆட்டம் வரை சென்றது. ஆகவே புதிய பருவம் தொடங்குமுன்னரே பத்திரிகையாளர்கள் அயோவாவுக்கு மூன்றாம் இடம் கொடுத்துவிட்டார்கள். “போன ஆண்டைவிட இந்த ஆண்டு இன்னும் சிறப்பாக ஆடுவார்” என்பதே எங்கும் பேச்சு.

நீங்கள் அப்போது அங்கே இருந்திருந்தால் என்ன எதிர்பார்த்திருப்பீர்கள்? ‘போன ஆண்டு உச்சம், எனவே இந்த ஆண்டு அதைவிட உச்சம்’ என்றா? இதற்குப் புள்ளியியல் தரும் விடை சற்று வியப்பானது. அந்த விடை உங்கள் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பொருந்தும் என்பதால் அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வகுப்பில் ஒரு சோதனை

உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருப்பதாகக் கொள்வோம. ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, எத்தனை முறை தலை விழுந்தது என்று எழுதுங்கள். பெரும்பாலோருக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று வரும். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஏழோ அதற்கு மேலோ வரும். இவர்களை ‘நட்சத்திரங்கள்’ என்று அறிவித்துக் கைதட்டுங்கள். இப்போது அந்த ஏழு பேரை மட்டும் மீண்டும் பத்து முறை சுண்டச் சொல்லுங்கள்.

என்ன ஆகும்? அவர்களுடைய சராசரி ஐந்தை ஒட்டி இறங்கிவிடும். கைதட்டியதால் தலைக்கனம் ஏறிவிட்டதா? கண்ணேறு பட்டுவிட்டதா? இரண்டும் இல்லை. முதல் தடவை அவர்களுக்குக் கைகொடுத்தது தற்செயல். தற்செயல் இரண்டாம் தடவையும் அதே ஆட்களைத் தேடி வராது. மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்களைச் சுண்டச் சொன்னால் அவர்கள் ‘முன்னேறி’ ஐந்துக்கு வருவார்கள். அவர்களை யாரும் திட்டித் திருத்தவும் இல்லை.

நாணயம் சுண்டுவதில் திறமைக்கு இடமே இல்லை. கூடைப்பந்திலும் தேர்விலும் திறமை உண்டு, தற்செயலும் உண்டு. படித்த பாடத்திலிருந்தே கேள்வி வருவதும், தேர்வன்று காய்ச்சல் வருவதும் தற்செயல்தான். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்குத் திறமையும் இருந்திருக்கும், அன்று தற்செயலும் துணை நின்றிருக்கும். அடுத்த முறை திறமை கூடவே வரும். தற்செயல் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே மதிப்பெண் முழுவதுமாக விழாமல், சராசரியை நோக்கிச் சிறிது இறங்கும். இதைச் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்கிறார்கள்.

கால்டன் கண்ட புதிர்

இதை முதலில் எண்களால் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். பெற்றோர்களின் உயரத்தையும், வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் அவர் ஒப்பிட்டு 1886இல் வெளியிட்டார். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் நெட்டையாகவே இருந்தார்கள். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. பெற்றோர் சராசரியைவிட மூன்று அங்குலம் அதிகம் என்றால், பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு அங்குலமே அதிகம்.

அப்படியானால் சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே உயரம் ஆகிவிட வேண்டுமே? ஆகவில்லை. புதிரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நெட்டையான பிள்ளைகளை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு அவர்களுடைய பெற்றோரை அளந்தால், இப்போது பெற்றோரின் சராசரி உயரம்தான் குறைவாக இருக்கும்! பிள்ளையின் உயரம் பெற்றோரைக் குட்டையாக்க முடியாது. உச்சத்தில் இருப்பவரை நாம் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதால் வரும் விளைவு இது. இதற்குத் தனியாக ஒரு காரணம் தேடவேண்டியதில்லை.

காரணம் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. 1960களில் இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர் ஒருவர் உளவியல் அறிஞர் டேனியல் கானமனிடம் வாதிட்டார்: “நன்றாக விமானம் ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார். மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் தேறுகிறார். எனவே பாராட்டு கெடுக்கும், திட்டு திருத்தும்.” கானமன் அதை ஒப்பவில்லை. மிக நன்றாக ஓட்டியவர் எப்படியும் சற்று இறங்குவார்; மிக மோசமாக ஓட்டியவர் எப்படியும் சற்று ஏறுவார். திட்டு செய்யாத வேலைக்குத் திட்டு பெயர் வாங்கிக்கொண்டது! இந்தக் கானமனுக்கே 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கிளார்க்கின் கணக்கு

இப்போது கிளார்க்கிடம் திரும்புவோம். கூடையிலிருந்து வளைவாக வரைந்த கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று புள்ளிகள். தொலைவிலிருந்து எறியும் இந்த எறிவுக்குத்தான் கிளார்க் பெயர் பெற்றவர். ஆனால் அது கடினமானது. கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விட்டம் 45.7 செ.மீ.; பந்தின் விட்டம் ஏறக்குறைய 23 செ.மீ. கை விரலில் மயிரிழை மாறினாலும் பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும். ஆகவே இங்கே தற்செயலுக்கு நல்ல இடம் உண்டு.

கல்லூரியில் நான்கு பருவங்களில் அவருடைய மூன்று புள்ளி எறிவுகள் இவை:

2020–21: 286 எறிந்து 116 விழுந்தன (40.6 விழுக்காடு).
2021–22: 274 எறிந்து 91 விழுந்தன (33.2 விழுக்காடு).
2022–23: 360 எறிந்து 140 விழுந்தன (38.9 விழுக்காடு).
2023–24: 532 எறிந்து 201 விழுந்தன (37.8 விழுக்காடு).

முதல் ஆண்டில் 40.6, இரண்டாம் ஆண்டில் 33.2. ‘பேரெடுத்ததும் சறுக்கிவிட்டார்’ என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் 1,452 எறிவுகளில் 548 விழுந்துள்ளன, அதாவது 37.7 விழுக்காடு. இதை அவருடைய உண்மையான திறமை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திறமையோடு 274 எறிந்தால் 103 விழ வேண்டும். விழுந்தவை 91. குறைவு 12.

இந்தப் பன்னிரண்டு பெரிய குறையா? அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எறிவுகளின் எண்ணிக்கை, விழும் வாய்ப்பு, விழாத வாய்ப்பு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 274 × 0.377 × 0.623 என்பது ஏறக்குறைய 64. அதன் வர்க்கமூலம் 8. இதுவே திட்ட விலக்கம். தற்செயல் ஒன்றாலேயே எட்டு கூடுவதும் குறைவதும் மிகச் சாதாரணம். பதினாறுக்குள் இருந்தால்கூட ‘திறமை போய்விட்டது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. முதல் ஆண்டில் கிடைத்த 116ம் எதிர்பார்க்கும் 108ஐவிட எட்டுதான் அதிகம். அந்த ஏற்றமும் இந்த இறக்கமும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே!

ஆயினும் அறிவியல் மாணவர் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும்: அந்த ஆண்டு வேறு ஏதாவது மாறியதா? மாறியது. 2021–22 பருவத்தில்தான் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளி வரையப்பட்டது. அதுவும் சற்றுக் குறைத்திருக்கலாம். ஆனால் மறு ஆண்டு அதே தொலைவுக் கோட்டிலிருந்து 38.9 விழுக்காடு விழுந்ததே! ஆகவே பழி முழுவதையும் கோட்டின் மேல் போடவும் முடியாது.

ஏறியது எது?

பெரும் எதிர்பார்ப்புடன் தொடங்கிய நான்காம் ஆண்டு என்ன ஆயிற்று? எறிவு விழுந்த விகிதம் 38.9இலிருந்து 37.8க்குச் சற்று இறங்கியது. சராசரி அவரை இழுத்துக்கொண்டது. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு அவர் பெற்ற புள்ளிகள் 27.8இலிருந்து 31.6க்கு ஏறின! எப்படி?

முந்தைய ஆண்டு 38 ஆட்டங்களில் 360 மூன்று புள்ளி எறிவுகள். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை. நான்காம் ஆண்டு 39 ஆட்டங்களில் 532. ஆட்டத்துக்கு ஏறக்குறைய பதின்மூன்றரை. எதிரணி அவரையே குறிவைத்துச் சூழ்ந்து நிற்கும்போது இத்தனை முறை எறிய இடம் காண்பது தற்செயலாக நடக்காது. அதற்கு ஓட்டமும் மூச்சும் பயிற்சியும் வேண்டும். தற்செயல் கலந்த விகிதம் சராசரிக்குத் திரும்பியது. உழைப்பால் கூடுவது கூடியது. 2024 பிப்ரவரி 15 அன்று கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் அதுவரை இருந்த 3,527 புள்ளிச் சாதனையை அவர் முறியடித்தார். கல்லூரி வாழ்வை முடிக்கும்போது அவருடைய புள்ளிகள் 3,951.

அணிக்குக் கோப்பை கிடைத்ததா? இல்லை. 2023 அரையிறுதியில், அதுவரை அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத தென் கரோலினா அணியை அயோவா 77–73 என்று வென்றது. கிளார்க் மட்டும் 41 புள்ளிகள். ஆனால் இறுதி ஆட்டத்தில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியிடம் 102–85 என்று தோற்றது. 2024 இறுதி ஆட்டத்தில் அதே தென் கரோலினா 87–75 என்று அயோவாவை வென்றது. தோற்றால் வெளியே என்ற போட்டியில் ஓர் ஆட்டமே தீர்ப்பு. ஆட்டம் சிறுத்தால் தற்செயலின் பங்கு பெருக்கும். பத்துச் சுண்டலில் ஏழு தலை எளிதில் விழும்; ஆயிரம் சுண்டலில் எழுநூறு தலை விழுவதைப் பார்க்க முடியாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்கு அது சரி. எல்லாப் பருக்கையும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தவை. மனிதரின் ஆட்டங்கள் அப்படி வெந்தவை அல்ல, தேர்வுகளும் அப்படியே.

அடுத்த முறை உங்கள் மதிப்பெண் 92இலிருந்து 84க்கு இறங்கினால் உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 61இலிருந்து 70க்கு ஏறினால் உடனே மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். கடந்த ஐந்தாறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி, சராசரியைக் கண்டுபிடியுங்கள். அடுத்த தேர்வுக்கு நியாயமான எதிர்பார்ப்பு அந்தச் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சராசரியையே உயர்த்துவது எப்படி? கிளார்க் எறிவுகளைக் கூட்டியதுபோல், நீங்கள் போடும் கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அது தற்செயலின் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.