லடாக்கின் ஊர்க்காவலர்

மர்பி டவுன் தமிழன்பர்களுக்கு அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையின் பாசறை புதிதன்று. காஷ்மீரின் ஸோஜி லா கணவாய்க்கு ஏறும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கிகள் செல்லுமாறு செப்பனிட்டோர் அப்படையினரே. 1948 நவம்பர் 1 ஆம் தேதி டாங்கிகள் கணவாயைக் கடந்தன. லடாக்கிற்குத் தரைவழி திறக்க அதுவே தொடக்கமாயிற்று. அதுவரை லே நகரம் வீழாது நின்றது எவ்வாறு?

1947 நவம்பரில் கில்ஜித் ஸ்கவுட்ஸ் படையினர் கலகம் செய்தனர். மகாராஜாவின் துருப்புகளிலும் ஒரு பகுதியினர் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். இரு நாடுகளின் போரோடு கலந்துவிட்டபோதிலும், ஒரே சமஸ்தானத்துக் குடிகள் எதிரெதிரே நின்ற அளவில் அதனை உள்நாட்டுப் போர் என்பதும் பொருந்தும். அடுத்த பிப்ரவரியில் ஸ்கர்தூ முற்றுகைக்குள்ளாயிற்று. லேயில் இருந்ததோ கைவிரல் விட்டு எண்ணத்தக்க காவற்படை.

அந்நிலையில், லாஹௌலைச் சேர்ந்த பிரிதி சந்த் என்னும் அதிகாரி ஏறக்குறைய நாற்பது தொண்டர்களுடன் கடுங்குளிர்காலத்தில் ஸோஜி லாவைக் கடந்து மார்ச்சில் லேயை அடைந்தார். உள்ளூர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தொடங்கியது. லடாக்கியப் பொறியாளர் சோனம் நோர்பு ஊராரைக் கொண்டே விமானத் தளம் ஒன்றைச் சமைத்தார். மே 24 ஆம் தேதி மெஹர் சிங் ஓட்டிவந்த டகோட்டா அங்கு இறங்கியது. உடன் வந்தவர் பெங்களூரில் பயின்ற குடகு வீரர், மேஜர் ஜெனரல் திம்மையா.

வடக்கே நூப்ரா பள்ளத்தாக்கைக் காத்தவர்கள் அவ்வூர் இளைஞர்கள். அவர்களைத் திரட்டிய செவாங் ரிஞ்சனுக்கு வயது 17. 'மிலிஷியா' என்ற சொல்லுக்கு நேர்சொல் தேடி அலைந்த மொழிபெயர்ப்பாளன் நான். 'ஊர்க்காவலர்' என்பது இவர்களுக்கே தகும். செப்டம்பரில் பதினேழாயிரம் அடி உயரத்தில் 'லாமா ஹவுஸ்' குன்றைப் பிடித்தனர். டிசம்பரில் இருபத்தோராயிரம் அடி உயரப் பனிமலைகள் வழியே மூன்று நாள் நடந்து மற்றொரு குன்றைத் தாக்கச் சென்றபோது, அணியில் பாதிப்பேருக்குக் கடும்பனியால் உடலுறுப்புகள் உறைந்து புண்பட்டன. எஞ்சியோரைக் கொண்டே ரிஞ்சன் அதனைக் கைப்பற்றினார். மகாவீர் சக்கரம் பெற்றார்.

அம்மலைகளின் பிள்ளைகளைக் கொண்ட படைப்பிரிவுகளே 1963 இல் லடாக் ஸ்கவுட்ஸ் ஆயின. 1971 போரில் அப்படையுடன் சென்று துர்துக்கைக் கைப்பற்றிய ரிஞ்சன் இரண்டாம் முறையாக அதே விருதைப் பெற்றார். துர்துக், அவர் பதினேழு வயதில் காத்து நின்ற அதே ஷியோக் ஆற்றின் கரையில் உள்ளது.