மருத்துவப் படிப்புக்கான அறிவியல் பாடத் தெரிவு

மருத்துவப் படிப்புக்கான அறிவியல் பாடத் தெரிவு என்பது, மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் அதற்கு முந்தைய கட்டத்தில் எந்த அறிவியல் பாடங்களைப் பயில்வது எனத் தீர்மானிப்பதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தெரிவு இளநிலைப் பட்டப்படிப்பின்போது நிகழ்கிறது. இந்தியாவில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாட்களுக்குள் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில், பல குடும்பங்கள் இதன் விளைவைப் பின்னரே அறிகின்றன. 1978 வரை இங்கும் கல்லூரியே மருத்துவப் படிப்பின் வாயிலாக இருந்தது.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. எனும் ஈராண்டுப் படிப்பு உயர்கல்வியின் முதற்படியாக விளங்கியது. இதில் உடலியங்கியலும் ஒரு பாடமாக இருந்தது. மருத்துவத்தை நாடாதவரும் அதைப் படித்தாக வேண்டும். 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணிதமேதை இராமானுசன், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதியபோதும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, அவருக்குக் கைகொடுக்காத பாடங்களுள் உடலியங்கியலும் ஒன்று. அதே காலத்தில், அண்டைப் பகுதியான புதுக்கோட்டை சமத்தானத்தில், ஆண்கள் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912 இல் பட்டம் பெற்றார்.

எஃப்.ஏ.வுக்குப் பின் இன்டர்மீடியட் படிப்பும், 1950களின் நடுப்பகுதியிலிருந்து பி.யூ.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பும் வந்தன. கும்பகோணம் கல்லூரியுடன், தஞ்சாவூர் மன்னர் சரபோசி அரசுக் கல்லூரி (1955), பூண்டி புட்பம் கல்லூரி (1956) ஆகியவை இப்பகுதியில் கல்லூரிக் கல்வியை விரிவாக்கின. 1950களின் இறுதியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்படும் வரை, மருத்துவம் படிக்க விரும்பியோர் சென்னை, 1954 இல் கல்லூரி பெற்ற மதுரை போன்ற வெளியூர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் திருவாரூரிலும் (2010) நாகப்பட்டினத்திலும் (2022) அரசு மருத்துவக் கல்லூரிகள் அமைந்தன.

1978 இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ) அறிமுகமானது. புகுமுக வகுப்பு மறைந்து, இத்தெரிவு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கியது. சிற்றூர் மாணவருக்கு அறிவியல் வகுப்பு அருகில் வந்தது பெரும் நன்மையே. ஆனால் ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பாடப்பிரிவுகளே இருக்கக்கூடும் என்பதால், உள்ளூர்ப் பள்ளியில் என்ன பிரிவு உள்ளதோ அதுவே மாணவரின் தெரிவாகிவிடுவதும் உண்டு.

மேல்நிலைப் பிரிவுகள்

எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழினுட்பவியல்), ஆங்கிலம் ஆகியவை தேவை. கணிதம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இதற்கு இரண்டு முதன்மை வழிகள் உள்ளன. ஒன்று, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் அடங்கிய பிரிவு. இதைப் பேச்சுவழக்கில் முதல் குரூப் என்பர். மற்றொன்று, கணிதத்துக்கு இடமின்றித் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகக் கொண்ட பியூர் சயின்ஸ் பிரிவு.

முதல் குரூப் மாணவருக்குச் சுமை மிகுதி. எனினும் மருத்துவ இடம் கிடைக்காவிடில் பொறியியலுக்குச் செல்லலாம். பியூர் சயின்ஸ் மாணவருக்கு உயிரியலில் ஊன்றிப் படிக்க நேரம் உண்டு. பொறியியல் கதவு பெரும்பாலும் மூடப்படுகிறது. எது சிறந்தது என்பதைவிட, மருத்துவ இடம் கிடைக்காவிடில் என்ன செய்வது என்ற கேள்வியே இங்கு தீர்மானமானது.

கணினி அறிவியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் உயிரியல் இல்லை. வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவில் இயற்பியலும் வேதியியலும் இடம்பெறுவதில்லை. உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும் இப்பிரிவு, வேளாண் படிப்புக்கு இட்டுச் செல்லுமேயன்றி மருத்துவத்துக்கு அன்று. மறுதலையாக, உயிரியல் படித்தவருக்கு வேளாண் பட்டப்படிப்பும் திறந்தே இருக்கும். தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையில் 2014 முதல் அரசு வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது.

உயிரியலைத் தவறவிட்டவருக்கு நெடுங்காலம் மீட்சி இல்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூ முடித்தபின் ஏற்புடைய கல்வி வாரியம் வழியாக உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் தகுதியுடையவர் என அறிவித்தது.

மதிப்பெண்களில் பாடங்களின் எடை

தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டபின், உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனப் பிளஸ் டூ மதிப்பெண்களைச் சுருக்கி 200க்குக் கணக்கிட்டனர். 2017 முதல் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நிகழ்கிறது. அதன் மொத்த மதிப்பெண் 720. உயிரியலுக்கு 360, ஏனைய இரண்டுக்கும் தலா 180. இரு முறைகளிலும் உயிரியலின் பங்கு சரிபாதியே. பல மாணவர்கள் இரண்டாந்தரமாக எண்ணும் தாவரவியலுக்கும் அப்பாதியில் கணிசமான இடம் உண்டு.

2020 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்குகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் சேரா. விரும்பிய பிரிவு உள்ளூர் அரசுப் பள்ளியில் இல்லை எனப் பதினோராம் வகுப்பில் தனியார் அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறுபவர் இவ்வொதுக்கீட்டை இழக்கிறார். அருகிலுள்ள வேறொரு அரசுப் பள்ளியில் அப்பிரிவு உள்ளதா எனப் பார்ப்பது நலம்.

இளம் அறிவியல் பட்டமும் மருத்துவமும்

அமெரிக்க மாணவர் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரி செல்வார். முதன்மைப் பாடம் வரலாறாகக்கூட இருக்கலாம். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியுடன் முடித்து எம்காட் தேர்வு எழுதினால் போதும். கல்லூரியில் மனம் மாறவும் அங்கு காலம் உண்டு.

இந்தியாவில் பி.எஸ்சி. அத்தகைய வாயில் அன்று. 1997 ஆம் ஆண்டு மருத்துவக் கல்வி விதிகள் பி.எஸ்சி. பட்டத்தையும் தகுதியாகக் குறிப்பிட்டன. எனினும் பட்டத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதோடு, முந்தைய தேர்வில் இம்மூன்றும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் எனவும் வரையறுத்தன. பட்ட மதிப்பெண்ணுக்குத் தரவரிசையில் இடமில்லை.

இருந்தும் நீட் தேர்வில் இடம் கிடைக்காத டெல்டா மாணவர் பலருக்கு முன் இரு வழிகளே தெரிகின்றன: ஓராண்டு பயிற்சி மையத்தில் மறுமுறை முயல்வது, அல்லது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. சேர்வது. பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துக்கு இரண்டாவதே நடைமுறை. மறுமுறை எழுதுவோரின் பங்கு பெருமளவு உயர்ந்ததை 2021 இல் நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு சுட்டிக்காட்டியது.

பி.எஸ்சி. சேர்பவருக்கு, துணைப்பாடமாக வேதியியல் அமையும் விலங்கியல் படிப்பு, நீட் பாடங்களோடு தொடர்பு அறாமல் இருக்க உதவும். உயிர்வேதியியல் படிப்பவர் மருத்துவம் கிடைக்காவிடினும் மருத்துவம்சார் முதுநிலைப் படிப்புகளுக்கும் ஆய்வகப் பணிகளுக்கும் செல்லலாம். நீட் எழுதுவதற்கான உயர் வயது வரம்பு 2022 இல் நீக்கப்பட்டது. முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை. ஆகவே பட்டம் முடித்தபின் எழுதுவதற்கும் தடையில்லை.